நெட்டாத்து வாய்

உக்காருங்க. இந்த ஊர்ல பஸ்ல இருந்து எறங்கினவன் முதல்ல தண்ணி குடிக்கணும், அப்புறம்தான் பேசணும். குடிங்க. சொம்பை அங்கியே வையுங்க, பரவால்ல.

ஆமா, நான்தான் எத்திராசு. உங்க பேரு இன்னா சொன்னீங்க, தணிகாசலமா? சரி. "மாசிலாமணி பொண்ணு தேசம்மா விஷயமா"ன்னு ஆரம்பிச்சீங்க. கையில பை. பையில ஆப்பிள், பூ, வெத்தலை. பார்த்தாலே தெரியுதே, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பொண்ணைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. மத்தவங்களா இருந்தா டீக்கடையில விசாரிச்சிட்டுப் போயிடுவாங்க. நீங்க என் பேரைக் கேட்டு என்னையே தேடி வந்தீங்க பாருங்க, அது புத்திசாலித்தனம். மாசிலாமணி என் கூடப் பொறந்த தம்பி. அந்தப் பொண்ணுக்கு நான் பெரியப்பன். அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிச்சு மூணு வருஷம் ஆவுது.

இருங்க, இருங்க. நீங்க அப்புறம் பேசுங்க. விசாரிக்க வந்தவரு காதைத்தான் திறக்கணும், வாயை இல்ல.

அவளைப் பத்தித் தெரியணும்னா இந்த ஆத்தைப் பத்தி முதல்ல தெரியணும். பாலத்து மேல வரும்போது கீழ பார்த்தீங்களா? பச்சையா, அசையாம, ஒரு எருமை நின்னுகினு இருந்திருக்குமே, அதான் ஆறு. பேரு நெட்டாறு. எந்தப் புண்ணியவான் வெச்ச பேரோ. தெற்கத்திக்காரன் ஆறுன்னா மலையில பொறந்து நாலு ஜில்லா சுத்திக்கினு வரும். நம்ம வடக்கத்தி ஆறு அப்படி இல்ல. காலையில கூழ் குடிச்சிட்டு அது பொறக்கற எடத்துல இருந்து நடந்தா, வெயில் தாழறதுக்குள்ள கடல்ல காலை நனைச்சிடலாம். பொறக்கறதும் மலை கிலை ஒண்ணும் கிடையாது. மேற்க செம்மண் மேட்டுக்குக் கீழ ஒரு பெரிய ஏரி இருக்கு. அது ரொம்பி, எனக்கு வேணாம்னு கலங்கல்ல வழிய விடுது பாருங்க, அந்தத் தண்ணிதான் நமக்கு ஆறு. அடுத்தவன் மீதி வெச்ச சோறு.

அந்தக் கலங்கலுக்குக் கீழ தண்ணி தெளிவா ஓடும். அயிரை, சின்னக் கெண்டை, பசங்க துண்டு விரிச்சுப் புடிக்கிற மீனு. அதுக்கும் இந்தப்புறம் மணல் அள்ளி அள்ளிப் பள்ளமாக்கி வெச்சிருக்கானுங்க. ரெண்டு பக்கமும் வேலிகாத்தான் முள்ளு. அந்தப் பள்ளத்துல விரால் இருக்கு, கெளுத்தி இருக்கு, விலாங்கு இருக்கு. விலாங்கை நம்பவே கூடாது. புடிச்சிட்டோம்னு நினைக்கிறப்போ கையில வழவழப்புதான் மிஞ்சும், அது போய்ச் சேர்ந்திருக்கும். இப்ப எல்லா எடத்துலயும் ஜிலேபி மீன் வேற. யார் கொண்டாந்து விட்டானோ அவன் கை விளங்காது. மத்த மீன் முட்டையெல்லாம் தின்னுட்டு இதுதான் கொழுத்துப் போய்த் திரியுது.

பாலம் தாண்டினா தண்ணி உப்பு. அங்கதான் நம்ம பொழப்பு. மடவை, இறால், நண்டு, கிழங்கான். ஏரித் தண்ணியும் கடல் தண்ணியும் கலந்த எடத்துல மேஞ்ச மடவைக்கு ஒரு ருசி இருக்கு பாருங்க, அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் கடலு. ஆனா கடலுக்கு நேரா போய்ச் சேர முடியாது. வருஷத்துல பாதி நாளைக்கு மேல அலை மணலைக் கொண்டாந்து கொட்டி ஆத்து வாயை அடைச்சிடும். ஆறு இந்தப் பக்கம் நிக்கும், கடல் அந்தப் பக்கம் நிக்கும், நடுவுல மணல் மேடு. மழை வந்தா ஏரி வழியும், ஆறு ஏறும், போக வழி இல்லாம குளம் மாதிரி பொங்கும். அப்ப நாங்க போய் மம்பட்டியால மணலை வெட்டி வழி விடணும். வாய் வெட்டறதுன்னு சொல்லுவோம்.

உங்க ஊர்ல வாய் வெட்டறது கிடையாதா? தெரிஞ்சிக்கோங்க. வெட்டின உடனே, இத்தனை மாசம் உள்ள அடைபட்டுக் கொழுத்த மடவை, இறால் எல்லாம் தண்ணியோட கடலுக்குப் பாயும். அந்த வாய்ல கழி நட்டு, பை மாதிரி வலையை மேற்க பார்த்துக் கட்டி வெச்சவனுக்கு அதுதான் அந்த வருஷம். மத்த நாள்ல புடிக்கிறதெல்லாம் கொழம்புக்கு. அதனால ஊர்ல பாடு வெச்சிருக்கோம். பாடுன்னா முறை. ஆடி மாசம் தேசம்மன் கோவில்ல சீட்டுக் குலுக்கி, இன்ன நாள்ல இருந்து இன்ன நாள் வரைக்கும் ஆத்து வாய் இன்னாருதுன்னு முடிவு பண்ணுவோம். அவன் பாட்டுல வேற எவனும் அங்க வலை கட்டக் கூடாது. யார் பாட்டுல வாய் வெட்டறோமோ அவன்தான் கற்பூரம் கொளுத்தி முதல் மண்ணை எடுக்கணும். அன்னிக்கு விழற முதல் கொடுவா மீன் அம்மனுக்கு. அம்மன் சேலை அவன் தலையில பரிவட்டமா ஏறும். ஊரே நின்னு பார்க்கும்.

எனக்குப் பத்து வருஷமா அந்தப் பரிவட்டம் கெடைக்கல. சீட்டு எடுத்தா எப்பவும் தை மாசம், மாசி மாசம். வாய் திறந்து, எல்லாம் ஓடி முடிஞ்சு, வெறும் தண்ணி வர்ற காலம். எனக்குக் கை ராசி இல்லைன்னு எங்கூட்டுக்காரியே சொல்லுவா.

மூணு வருஷம் முன்னாடிதான் நல்ல பாடு கெடைச்சுது. கார்த்திகை அமாவாசையில இருந்து என் பாடு. எனக்கு முன்னாடி பாடு யாருது? மாசிலாமணியோடது. நான் நேரா அவன் வீட்டுக்குப் போனேன். "டேய், மழை எப்ப வந்தாலும் சரி, உன் பாட்டுல வெட்டாத. என் பாடு வரட்டும்"னேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. "உனக்கு இல்லாத மீனு எனக்கு எதுக்குண்ணா, உன் பாட்டுலியே வெட்டலாம்"னு என் கையில அடிச்சு வாக்குக் குடுத்தான். அதை நான் மறைக்க மாட்டேன். அவன் நல்லவன். பொண்ணை வளர்க்கத் தெரியாதவன், அவ்ளோதான்.

இந்தத் தேசம்மா அப்பவே லோடு ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தா. மீனை ஐஸ் போட்டு மார்க்கெட்டுக்கு ஏத்திக்கினு போறது. இதையும் நீங்க தெரிஞ்சிக்கணும். ஆம்பளைங்க நாலு பேரு நிக்கிற எடத்துல "தள்ளுணா, வண்டியைத் திருப்பணும்"னு சொல்லுவா. அவ சொன்னா நகருவானுங்க, அது வேற.

மழை அந்த வருஷம் சீக்கிரமே புடிச்சுது. ஏரி வழிஞ்சுது. ஆறு ஏறுது, ஏறுது. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம் தாங்கல. ஏன்னு கேளுங்க. ஏறின அளவுக்கு மீனு. நான் கழியெல்லாம் சீவி வெச்சிட்டேன், வலைக்குப் புதுக் கயிறு மாத்திட்டேன், பரிவட்டம் கட்டற அன்னிக்குப் போடறதுக்குச் சட்டை வரைக்கும் எடுத்து வெச்சிட்டேன். அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அப்ப வரா அவ, நனைஞ்சுகினு. இதே எடத்துல நின்னா.

"பெரியப்பா, பாலத்துக்கு மேற்க இருளர் வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. இன்னிக்கே வெட்டிடலாம்"ன்றா.

"அவங்களுக்குத் தண்ணி புதுசா? வருஷா வருஷம் ஏறும், எறங்கும். நாலு நாள்ல என் பாடு"ன்னேன்.

"நாலு நாள் தாங்காது பெரியப்பா. நீயே வந்து முதல் மண்ணை எடு. வலையை நீயே கட்டிக்க. அப்பா பாடா இருந்தா இன்னா, மீனெல்லாம் உனக்கே. நாங்க ஒரு இறால்கூடத் தொட மாட்டோம்."

எப்படி இருக்கு பாருங்க. என் தம்பி பாட்டுல நான் போய் வலை கட்டறதாம். மீன் கெடைக்கும் சரி, பரிவட்டம்? பாடு யாருதோ அவன் தலையிலதான ஏறும். அம்மன் எதிர்ல அவன் நிப்பான், நான் ஓரமா கூடையைத் தூக்கிக்கினு நிக்கணும். "எனக்குப் பிச்சை போடறியாடி?"ன்னு கேட்டேன். அவ மழையிலியே திரும்பிப் போயிட்டா.

மறுநாள் காலையில அந்த லோடு ஆட்டோவுல மம்பட்டிங்களை அள்ளிப் போட்டுக்கினு, இருளர் ஆளுங்களையும் ஏத்திக்கினு கடற்கரைக்கே வண்டியை வுட்டா. மாசிலாமணி பின்னாடியே ஓடியிருக்கான், "வேணாம்மா, அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்"னு. அதுக்கு அவ சொன்னது இன்னா தெரியுமா? "வாக்கு நீ குடுத்த, நான் குடுக்கல"ன்னாளாம். பெத்த அப்பன்கிட்ட பேசற பேச்சா இது? பொம்பளை கை பட்டா ஆத்து வாய் திறக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு எங்க ஊர்ல. அவ கற்பூரமும் கொளுத்தல, ஒண்ணும் கொளுத்தல. மம்பட்டியை ஓங்கிப் போட்டா. அந்த வருஷம் திறந்த மாதிரி வாய் என்னிக்குமே திறந்தது கிடையாது, அதை வுடுங்க.

வலை கட்டினாங்களான்னு கேளுங்க. கட்டியிருந்தா திருடின்னு சொல்லி மனசை ஆத்திக்கலாம். அதுகூடக் கட்டல! வாய் திறந்ததும் அப்பனும் பொண்ணும் படகை எடுத்துக்கினு ஜனங்களை ஏத்தப் போயிட்டாங்க. பாடு அவங்களுது, அதனால மத்தவன் எவனும் கட்ட முடியாது. மடவை துள்ளித் துள்ளி வெள்ளி மாதிரி ஓடுது, இறால் கொத்துக் கொத்தா ஓடுது, ஊரே கரையில நின்னு வாயைப் பொளந்துகினு பார்க்குது. ஒரு வருஷத்து மீனைக் கடலுக்குத் தானம் குடுத்தாங்க. தொட மாட்டோம்னு சொன்னாளே, தொடல. எவ்ளோ திமிரு இருந்தா அப்படி இருப்பா?

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. படகுத்துறைக்குப் போனேன், நாலு கேள்வி கேக்கலாம்னு. அங்க நடந்தது வேற கதை, அதை வுடுங்க.

சரி, அதோட வுட்டாளா? அமாவாசை வந்துது. என் பாடு. நான் இன்னா ஊருக்குப் பயந்தவனா? கழி நட்டேன், வலையை முறைப்படி மேற்க பார்த்துக் கட்டினேன். அப்ப வண்டியை நிறுத்திட்டு எறங்கி வரா. "பெரியப்பா, ஆறு காலியாயிடுச்சு. இனிமே கடல்தான் உள்ள வரும். வலை வாயைக் கடல் பக்கம் திருப்பிக் கட்டு. ஏத்தத்துல கொடுவா ஏறும்"ன்றா.

நாப்பது வருஷமா வலை கட்டறவன்கிட்ட! "நீ செஞ்சதுக்கு இன்னும் என் வாயில மண்ணு வேற போடணுமா? போடி அந்தாண்ட"ன்னேன். வாய் வெட்டினப்புறம் வலை மேற்கதான் பார்க்கும். எங்கப்பன் அப்படித்தான் கட்டினான். அவ சொல்றாளேன்னு நான் திருப்புவேனா? என் பாடு முடியற வரைக்கும் ஒரு முடிச்சைக்கூட மாத்தல. இன்னா விழுந்துதுன்னு கேளுங்க. ஆகாயத்தாமரை. ஒரு ஜோடி செருப்பு. ஜோடின்னா ஜோடி இல்ல, ரெண்டும் எடது காலு. ஒரு தண்ணிப் பாம்பு, அது என்னைப் பார்த்துட்டு அதுவாவே போயிடுச்சு. எனக்கு அடுத்த பாடு வேணுன்னு ஒருத்தனோடது. அவன் வந்தான், வலையைக் கடல் பக்கம் திருப்பினான், கொடுவா ஒவ்வொண்ணும் என் தொடை கனம். எல்லாம் அவ சொல்லிக் குடுத்ததுதான், வேற இன்னா? எனக்குச் சொல்லிட்டு அவனுக்கும் சொல்லியிருக்கா பாருங்க, அதுதான் நயவஞ்சகம்.

அன்னிக்கு என் வீட்டு வாசல்ல வாழை இலையில சுத்தி ஒரு கொடுவா இருந்துது. யார் வெச்சதுன்னு எனக்குத் தெரியாதா? "தூக்கிக் குப்பையில போடு"ன்னு எங்கூட்டுக்காரி ஆண்டாளுகிட்ட சொன்னேன். போட்டுட்டேன்னா. அன்னிக்கு எங்க வீட்ல கத்திரிக்காய்க் கொழம்புதான். கத்திரிக்காய்க் கொழம்பு அவ்ளோ ருசியா அவ என்னிக்குமே வெச்சது கிடையாது, கொஞ்சம் முள்ளு இருந்துது, அவ்ளோதான். அவ ஒருத்திதான் இந்த விஷயத்துல என் பக்கம். தினம் சாயங்காலம் கோவிலுக்குப் போயிட்டு வருவா, தம்பி வீட்டுத் தெரு பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டா. அந்தப் பொண்ணுக்கு ஜுரம், அந்தப் பொண்ணு புது வண்டி வாங்கினா, எல்லாம் அம்மன் கோவில்லியே அவளுக்குத் தெரிஞ்சிடும்.

ஆச்சு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அப்பன் பேச்சு கேக்காதவ, பெரியவங்களை மதிக்காதவ, ஊர் முறையை மம்பட்டியால வெட்டினவ. உங்க மருமகப் பிள்ளைக்கு இது வேணுமா? யோசிங்க. சாயங்கால பஸ் ஒண்ணு இருக்கு, அதுலியே திரும்பிடலாம். மாசிலாமணி வீட்டுக்கு வழி கேட்டீங்கன்னா நான் சொல்ல மாட்டேன்.

இப்ப பேசுங்க. வந்ததுல இருந்து வாயைத் திறக்கறீங்க, மூடறீங்க, நம்ம ஆறு மாதிரி.

இன்னாது?

விசாரிக்க வரலியா?

போன வாரமே பேசி முடிச்சாச்சா? பொண்ணு பார்த்து, கை நனைச்சு, எல்லாம்? அப்ப நான் இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசிக்கினு இருந்தேன்? முதல்லியே சொல்றதுக்கு இன்னா? நான் வுட்டாத்தானேன்றீங்களா. சரி, அப்ப எதுக்கு என்கிட்ட வந்தீங்க?

தட்டு மாத்த நான் வரணுமா? நானா? பொண்ணு வீட்டுப் பக்கம் தட்டை வாங்கறதுக்கு? அதான் அவ அப்பன் இருக்கானே, வேணும்னா அந்த வேணு வாங்கட்டும்.

அவ சொன்னாளா? இன்னா சொன்னா? அப்படியே சொல்லுங்க, கூட்டாம கொறைக்காம. "எங்க பெரியப்பாவுக்கு நான் பெரிய கெடுதல் பண்ணிட்டேன். பத்து வருஷம் காத்திருந்தவரு பாட்டைக் கெடுத்துட்டேன். அவரு வந்து தட்டு வாங்கலைன்னா இந்தக் கல்யாணம் வேணாம்." அப்படியா? உங்க வீட்டு ஆளுங்க எல்லார் எதிர்லியுமா? கெடுதல்ன்ற வார்த்தையா?

அந்தச் சொம்பை இப்படிக் குடுங்க.

மூணு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இந்த எடத்துலியே உக்காந்துகினு இருக்கேன். தெருவுல அவ வண்டிச் சத்தம் கேட்டா திரும்பி உக்காந்துக்குவேன். எறங்கி வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்னு. இப்ப சொல்லிட்டா. நல்லா இருக்கு.

நீங்க அதுக்கு இன்னா சொன்னீங்க? தலையாட்டினீங்களா? ஏன் தலையாட்டினீங்க?

இல்ல, கேக்கறேன். எங்க வீட்டுப் பொண்ணு தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா, நீங்க பாட்டுக்குத் தலையாட்டிக்கினு கேட்டுக்கினு வருவீங்களா? அங்க இன்னா நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா? இடுப்பு மட்டும் தண்ணி. அந்தக் குடிசையில ஒருத்தி புள்ளை பெத்து மூணு நாள்கூட ஆவல, பரண் மேல ஏறி உக்காந்திருந்தா. நான் படகுத்துறைக்குக் கத்தத்தான் போனேன். படகு வந்து இடிக்குது, இவ கழுத்து வரைக்கும் சேறு, "புடி பெரியப்பா"ன்னு அந்தப் பச்சைப் புள்ளையைத் தூக்கி என் கையில குடுக்கறா. சில்லுன்னு இருந்துது, ஐஸ் பொட்டியில இருந்து எடுத்த மீனு மாதிரி. அழக்கூட இல்ல. நான் சட்டையைக் கழட்டிச் சுத்தி, நெஞ்சோட வெச்சுக்கினு நின்னேன், அது அழற வரைக்கும். பரிவட்டத்துக்குன்னு எடுத்து வெச்ச சட்டை, மீனெல்லாம் போச்சேன்ற வெறியில அதைத்தான் மாட்டிக்கினு போயிருந்தேன். இன்னும் நாலு நாள் போயிருந்தா? சொல்லுங்க, நாலு நாள் போயிருந்தா?

அதுக்குப் பேரு கெடுதலா? அவ சொன்னாலும் நீங்க எப்படி நம்பலாம்? பொண்ணு எடுக்கறவங்களுக்குக் கொஞ்சமாவது விவரம் வேணாமா? நாளைக்கு உங்க வீட்ல ஒரு பேச்சுன்னா, "அவளே ஒத்துக்கினா, பெரியப்பனுக்கே கெடுதல் பண்ணவ"ன்னு சொல்லிக் காட்டுவீங்க. அதுக்குத்தான் இப்பவே எடம் குடுத்துட்டா, அறிவு கெட்டவ. எத்தனை பேரு இருந்தாங்க அந்தக் கூட்டத்துல? எல்லார்கிட்டயும் போய் நீங்கதான் சொல்லணும், அப்படி ஒண்ணும் இல்லைன்னு. எத்திராசு சொன்னான்னே சொல்லுங்க.

எங்க எழுந்துட்டீங்க? உக்காருங்க. அந்தப் பக்கம் போனா முழங்கால் சேறு, மாசிலாமணி வீட்டுக்கு அது வழி இல்ல. நானே இட்டுனு போறேன். எவங்கெவங்க எதிர்லியோ இப்படியெல்லாம் பேசிட்டு வர்றதுக்கு உனக்கு யார்டி சொல்லிக் குடுத்ததுன்னு அவளை நான் கேக்கணும்.

ஏய் ஆண்டாளு! உள்ள பெட்டியில அந்தச் சட்டை இருக்கா பாரு, சேறு படிஞ்சுதுன்னு நீ தோய்ச்சு வெச்சியே, அது. எடு.

இன்னா பார்க்கறீங்க? திட்டத்தான் போறேன். அதுக்குன்னு வெறும் உடம்போட போக முடியுமா?